தொடக்கப் பள்ளியும் மீத்திறச் சிறாரும்

கல்வி எல்லார்க்கும் பொது. ஆயினும் கற்கும் ஆற்றல் எல்லார்க்கும் ஒரே அளவினதாய் அமைவதில்லை. ஒரு வகுப்பில் நாற்பது சிறார் இருப்பரேல், உபாத்தியாயர் நடுத்தரத்தில் நிற்போரை நோக்கியே பாடஞ் சொல்லுகின்றார், அஃது இயல்பே. பின்தங்கி நிற்பவரைக் கைதூக்கிவிடப் பற்பல முயற்சிகள் இக்காலத்து நடைபெறுகின்றன. அவை பெரிதும் போற்றற்குரியன. ஆனால், கணக்கைப் பிறரினும் முன்னே முடித்துவிட்டு, மேலே யாது செய்வதென்று அறியாமல் சன்னல் வழியே நோக்கிக்கொண்டிருக்கும் சிறுவனைப் பற்றியோ சிறுமியைப் பற்றியோ கவலுவார் மிகச் சிலரே. ‘அவன் கெட்டிக்காரன், எப்படியும் பிழைத்துக்கொள்வான்’ என்பதே பலரும் கூறும் விடை. அவ்விடை எத்துணை உண்மையுடையது என்பதையும், அத்தகைய சிறாரைக் கண்டு வளர்த்தற்கு அறிஞர் வகுத்த வழிகள் யாவை என்பதையும், எம் ஊராகிய திருப்பூர் இராயபுரம் போன்ற தொழிலிடங்களுக்கு அவற்றுள் எவை ஏற்புடையன என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மாணாக்கருள் வேற்றுமை உண்டென்பது நம் முன்னோர் அறியாததன்று. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை முதல், இடை, கடை என மூவகைப்படுத்தி ஒவ்வொன்றிற்கும் உவமை கூறுகின்றது. நீரை விலக்கிப் பாலைக் கொள்ளும் அன்னமும், மேய்ந்த புல்லைப் பின்னர் அசைபோடும் பசுவும் முதன்மாணாக்கர்க்கு உவமை. உழுவோர் முயற்சிக்குத் தக்க பயன் தரும் நிலமும், கற்பித்ததையே சொல்லும் கிளியும் இடைமாணாக்கர்க்கு உவமை. ஓட்டைக் குடமும், ஆடும், எருமையும், நெய்யரியும் கடைமாணாக்கர்க்கு உவமை. இவற்றுள் ஒரு நுட்பம் உண்டு. கிளி தான் கேட்டதைப் பிழையின்றிச் சொல்லும். எனினும் அது முதல் வகையிற் சேர்க்கப்படவில்லை. கேட்டதை அவ்வாறே ஒப்புவிப்பதினும், பிரித்துணர்தலும் பன்முறை சிந்தித்தலும் உயர்ந்த ஆற்றல் என்பது நூலாசிரியர் கருத்தாதல் வேண்டும். நம் காலத்து மதிப்பெண் பட்டியலிலோ கிளியே பெரும்பாலும் முதலிடம் பெற்றுவிடுகின்றது.

இனி, மீத்திறச் சிறார் எனப்படுவோர் யாவர்? இவ்வினாவிற்கு அளவுகோல் கொண்டு விடைகாண முயன்றவர் மேனாட்டு உளநூலார். பிரான்சு தேசத்தில் ஆல்பிரட் பினே, தியோடோர் சீமோன் என்னும் இருவர் 1905-ஆம் ஆண்டில் தம் அறிவுச் சோதனையை வெளியிட்டனர். அதன் நோக்கம் மிக்காரைத் தெரிந்தெடுத்தலன்று. பள்ளியில் தனியுதவி வேண்டும் சிறாரைக் கண்டறிதலேயாம். அமெரிக்க தேசத்து ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் லூயி டெர்மன் என்பார் அச்சோதனையை 1916-இல் திருத்தியமைத்து, 1921 முதல் அதனைக் கொண்டு ஏறத்தாழ 1,500 சிறாரைத் தெரிந்து, அவர்தம் வாழ்க்கையைப் பல்லாண்டு பின்தொடர்ந்து ஆராய்ந்தார். பிரிவினைக்கு முற்பட்ட இந்தியாவிலும், 1920-களில் லாகூர் போர்மன் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த ஹெர்பர்ட் ரைஸ் என்பார் பினேயின் சோதனையை ஹிந்துஸ்தானி பேசும் சிறார்க்கு ஏற்ப அமைத்தார். இத்துறையில் நம் நாட்டு முதன்முயற்சிகளுள் ஒன்று ஒரு மிஷன் கல்லூரியிற் பிறந்ததென்பது நம் போன்றோர் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆயினும் அளவுகோலுக்கும் எல்லை உண்டு. டெர்மனின் சோதனைக்கு உட்பட்டுத் தேறாமல் விடப்பட்ட சிறாருள் இருவர், வில்லியம் ஷாக்லி, லூயி ஆல்வரஸ் என்போர். அவர்கள் முறையே 1956, 1968 ஆகிய ஆண்டுகளில் பௌதிக நூலுக்குரிய நோபெல் பரிசு பெற்றனர். தெரிந்தெடுக்கப்பட்ட ஆயிரத்தைந்நூற்றுவருள் ஒருவரேனும் அப்பரிசு பெற்றிலர். ஆகவே, பிற்காலத்தார் எண் ஒன்றையே நம்புவதைக் கைவிட்டனர். ஜோசப் ரென்சுல்லி என்னும் அறிஞர் 1978-இல், சராசரிக்கு மேற்பட்ட ஆற்றல், புதியது புனையும் திறம், எடுத்த வினையில் ஊன்றி நிற்கும் உறுதி என்னும் மூன்றும் ஒருங்கு கூடுமிடத்தே மீத்திறம் வெளிப்படும் என்றார். இம்மூன்றனுள் முதலாவது ஓரளவு பிறவியோடு வருவதாயினும், ஏனைய இரண்டும் வாய்ப்பினாலும் பயிற்சியினாலும் வளர்வன. எனவே மீத்திறம் என்பது கண்டெடுக்கும் பொருள் மட்டுமன்று. உண்டாக்கவும் அழிக்கவும் படும் பொருளாம்.

அழிதற்குக் காரணம் யாது? சோம்பலே. அச்சோம்பலும் சிறுவன் கொண்டதன்று. பள்ளி அவனுக்குக் கற்பித்தது. அமெரிக்க உளநூலாராகிய லீட்டா ஹாலிங்வொர்த் அம்மையார், நுண்ணறிவு ஈவு 140 உடைய சிறுவன் பொதுவகுப்பிலே தன் பொழுதிற் பாதியையும், 170-க்கு மேற்பட்டவன் ஏறக்குறைய முழுமையையும் வீணே போக்குகின்றான் என்று கணித்தார். முயலாமலே எல்லாம் வரப்பெற்ற சிறுவன் முயற்சி என்பதனையே அறியாது வளர்கின்றான். பின்னர்க் கடினமான பாடம் எதிர்ப்படும்போது கலங்குகின்றான். வேறு சிலர் பொழுதுபோகாமையால் குறும்பு செய்து, ‘அடங்காப் பிள்ளை’ என்னும் பெயரெடுக்கின்றனர். பெண்பிள்ளைகளோ பெரும்பாலும் அமைதியாக இருந்து, எவர் கண்ணிலும் படாமலே போகின்றனர்.

‘கெட்டிக்காரன் எப்படியும் பிழைத்துக்கொள்வான்’ என்பார்க்கு இராமாநுஜன் வரலாறு தக்க விடையாகும். 1887-இல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், 1897-ஆம் ஆண்டுப் பிரைமரி பரீட்சையில் ஜில்லாவிலேயே முதல்வராய்த் தேறினார். பத்து வயதில் அவரைப் பரீட்சை கண்டுகொண்டது என்பது உண்மை. ஆயின் கண்டுகொண்ட பின் அவருக்கென ஒரு வழி வகுக்கப்படவில்லை. 1904-இல் உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியிற் சேர்ந்து, கணிதத்திலேயே ஆழ்ந்து ஏனைப் பாடங்களை விட்டமையால் அச்சம்பளத்தை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பயின்றும் எப்.ஏ. பரீட்சையில் தேறினாரல்லர். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் அளித்து ஆராய்ச்சிக்கு இடந்தரும் வரையில் அவர் பட்ட இடர் பல. 1918-இல் லண்டன் ராயல் சங்கத்தில் உறுப்பினராய்த் தெரிந்தெடுக்கப்பட்ட அவர், 1920-இல் முப்பத்திரண்டாம் வயதிலேயே மறைந்தார். தப்பி வந்த ஒருவரை நாம் அறிகின்றோம். தப்பாதோர் எத்துணையர் என்பதை அறிய வழியில்லை. கண்டறிதல் மட்டும் போதாது, கண்டறிந்த பின் ஊட்டுதலும் வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்குணர்த்துவது.

ஊட்டும் முறைகளை மூவகையாக அடக்கலாம். முதலாவது விரைவு. நம் நாட்டில் ‘டபிள் புரமோஷன்’ என வழங்கிய முறை இதன்பாற்படும். இரண்டாம் வகுப்புச் சிறுவனை நான்காம் வகுப்பில் ஏற்றிவிடுதல் போல்வது. 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பு என்னும் கொள்கையை வலியுறுத்துவதனால், இன்று இது அருகியே நிகழ்கின்றது. இரண்டாவது தொகுப்பு. ஒத்த ஆற்றலுடையாரை முழுநாளோ, வாரத்திற் சில மணிநேரமோ தனியே சேர்த்துக் கற்பித்தல் இது. மூன்றாவது செறிவு. அதே வகுப்பில், அதே பாடத்தில், மேலும் ஆழமான வினாக்களைத் தருதல் இது.

செறிவு என்பதனை எடுத்துக்காட்டால் விளக்குவாம். மூன்றாம் வகுப்பில் கூட்டல் கணக்கை முடித்துவிட்ட சிறுமிக்கு மேலும் பத்துக் கூட்டல் கணக்குகள் கொடுப்பது செறிவன்று, தண்டனை. அதற்கு மாறாகச் சில பொத்தான்களை அவள் கையிற் கொடுத்து, ஒன்று, அதனோடு மூன்று, அதனோடு ஐந்து எனச் சேர்த்துக்கொண்டே போகச் சொல்லலாம். ஒன்று, நான்கு, ஒன்பது, பதினாறு என மொத்தம் வருவதை அவள் காண்பாள். ஒவ்வொரு முறையும் பொத்தான்களைச் சதுரமாக அடுக்க முடிவது ஏன் என்று கேட்டுவிட்டு, உபாத்தியாயர் ஏனையோர்பாற் செல்லலாம். தமிழ்ப் பாடத்தில், இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் ஒன்றாகவே படிக்கப்படும் ‘விகடகவி’ போன்ற மாலைமாற்றுச் சொற்களைத் தானே தேடச் சொல்லலாம். இவற்றுக்குச் செலவு இல்லை. கேட்கத் தெரிந்த உபாத்தியாயர் ஒருவரே வேண்டும்.

நம் பழைய திண்ணைப் பள்ளிகளில் இதற்கு வேறொரு வழி வழங்கியது. முந்திக் கற்ற பிள்ளையைச் சட்டாம்பிள்ளையாக்கி, இளையோர்க்குப் பாடஞ் சொல்லச் செய்வர். சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆண்மக்கள் அனாதை விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரு பெல் பாதிரியார், பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை அங்குக் கையாண்டு, 1797-இல் அதனை இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்னும் பெயரோடு பரவிற்று. இன்றும் பல பள்ளிகளில் மீத்திறச் சிறார்க்குக் கிடைக்கும் ஒரே சிறப்பு இச்சட்டாம்பிள்ளைப் பதவிதான். இதனாற் பொறுப்பும் பரிவும் வளரும், கற்றதும் உறுதிப்படும். ஆயினும் நாடோறும் பிறர்க்கே சொல்லிக்கொண்டிருக்கும் பிள்ளை தான் கல்லாததை எப்பொழுது கற்பது? அப்பணி துணையாகலாம், ஈடாகாது.

பிறநாட்டு முயற்சிகளுள் தமிழர் வாழும் இரண்டனைக் காண்போம். இலங்கையில் 1931 முதல் 1947 வரை கல்வி மந்திரியாயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, 1945-இல் இலவசக் கல்வியை நிலைநாட்டியதோடு, நாட்டுப்புறங்களில் மத்திய கல்லூரிகளையும் நிறுவினார். ஏழைச் சிறுவர் அவற்றிற் சேர ஐந்தாம் வகுப்பில் உபகாரச் சம்பளப் பரீட்சை ஏற்பட்டது. சிங்களத்திலும் தமிழிலும் நடைபெறும் அப்பரீட்சையால் எத்தனையோ கூலியாளர், உழவர் மக்கள் உயர்ந்தனர். ஆயினும் நாளடைவில் அது பத்து வயதுச் சிறாரைத் தனிவகுப்புகளுக்கு விரட்டும் பெரும் போட்டியாயிற்று. சிங்கப்பூரில் 1984-இல் தொடங்கிய மீத்திறக் கல்வித் திட்டம், மூன்றாம் வகுப்பில் நடத்தும் சோதனையால் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரைத் தெரிந்து, சில பள்ளிகளில் மட்டும் சேர்த்துக் கற்பித்தது. அங்கும் அச்சோதனைக்கென்றே பயிற்சி வகுப்புகள் பெருகின. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அந்நாட்டுப் பிரதமர் லாரன்ஸ் வோங், அத்திட்டத்தை அவ்வுருவில் முடித்து, ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் மீத்திறச் சிறார்க்கு இடந்தரும் புதுமுறை வருமென அறிவித்தார். நாற்பதாண்டு அனுபவத்தின் பின் செல்வமிக்க அந்நாடு கண்ட முடிவு இது: சிலரைப் பிரித்தெடுத்து வேறிடம் கொண்டுபோவதினும், அவர் இருக்கும் பள்ளியையே உயர்த்துதல் நன்று.

நம் நாட்டு நிலை என்ன? 1986 முதல் இந்திய அரசாங்கம் நடத்தும் நவோதயப் பள்ளிகள் ஐந்தாம் வகுப்புச் சிறாரைப் பரீட்சித்து ஆறாம் வகுப்பிற் சேர்க்கின்றன. மொழிக் கொள்கை பற்றிய வேற்றுமையால் அவை தமிழ்நாட்டிற் திறக்கப்படவில்லை. ஏழை மாணாக்கர்க்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் அளிக்கும் தேசியத் திறன்வழி உபகாரச் சம்பளத்துக்குப் பரீட்சை எட்டாம் வகுப்பில் நடைபெறுகின்றது. தமிழ்நாட்டு ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஒன்பதாம் வகுப்பினர்க்கு. அதுவும் ஊர்ப்புறத்தார்க்கே உரியதாகலின் மாநகராட்சிப் பள்ளிச் சிறார்க்கு உதவாது. அரசு மாதிரிப் பள்ளிகளும் ஒன்பதாம் வகுப்பு முதலே தொடங்குகின்றன. இவை யாவும் நல்லனவே. ஆயினும் எல்லாம் பதின்மூன்றாம் வயதிற்குப் பின்னரே வருவன. ஆறு வயதில் மூண்ட ஆர்வம் அதுவரை காத்திருக்குமா?

தொடக்கப் பள்ளியளவில் நம் மாநிலத்தில் இரண்டு முயற்சிகள் குறிப்பிடத்தக்கன. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிற் தொடங்கிச் சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் ஒன்று. ஆந்திர நாட்டு ரிஷிவேலிப் பள்ளியார் கண்ட முறையைத் தழுவிய அதில், பாடங்கள் அட்டைகளாகவும், அவ்வட்டைகள் ஏணிப்படிகளாகவும் அமைக்கப்பட்டன. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறலாம். விரைந்து ஏறுவோர் பிறர்க்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. மீத்திறச் சிறார் என்ற பெயரே கூறாமல் அவர்க்குப் பயன்பட்ட முறை அது. மற்றொன்று, 2022-23-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம். பெருந்தொற்றுக் காலத்தில் இழந்த எழுத்தறிவை மீட்க வந்த இத்திட்டம், சிறாரை அரும்பு, மொட்டு, மலர் என்னும் மூன்று நிலைகளில் வைத்துக் கற்பித்தது. பெயர்கள் அழகியன, பின்தங்கியோர்க்கு அதனால் விளைந்த நன்மையும் பெரிது. ஆயினும் முதல் நாளிலேயே மலராயிருக்கும் பிள்ளைக்கு மேற்படி யாது? மலர்க்குப் பின் காயும் கனியும் உண்டன்றோ? அவ்விரண்டு படிகளே நம் தொடக்கப் பள்ளியிற் காணப்படாதவை.

இனி எம் இராயபுரத்திற்கு வருவோம். திருப்பூரின் பின்னலாடைத் தொழிலை நம்பித் தென்மாவட்டங்களினின்று வந்தோரும், அண்மைக்காலத்தே பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களினின்று வந்தோரும் பலர். அவர்தம் மக்கள் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். பெற்றோர் பனியன் கம்பெனியிலோ பவர் டேபிளிலோ ‘ஒன்றரை ஷிப்டு’ முடித்து வீடு திரும்புகையில் இரவாகிவிடும். வேலை குறைந்தால் ஆண்டின் நடுவே குடும்பமே ஊர் மாறும். மாலையில் வாயிற்படியில் அமர்ந்து பிசிறு வெட்டும் தாயருகே இருக்கும் சிறுமி, டஜனுக்கு இத்தனை எனப் பீஸ் ரேட்டுக் கணக்கை மனத்திலேயே கூட்டி, வாரக் கூலியில் குறைந்த பணத்தைச் சுட்டிக்காட்டுவதை எம் தெருக்களிற் காணலாம். அவளே பள்ளியில் தன் தாய்மொழி வேறாதலால் வாய்திறவாமல் இருக்கின்றாள்; ‘அரும்பு’ நிலையில் வைக்கப்படுகின்றாள். மொழியில் அரும்பும் கணக்கில் கனியுமாக ஒரே பிள்ளை இருத்தல் கூடும் என்பதை நம் அளவுகோல் அறியாது.

இத்தகைய இடத்தில், பெற்றோர் வந்து விண்ணப்பித்தால் சோதிப்போம் என்பது நீதியாகாது. விண்ணப்பிக்க அறிந்தோர் மக்களே அதனாற் பயன்பெறுவர். இதற்கு அமெரிக்க நாட்டுப் புளோரிடா மாநிலத்துப் பிரவார்டு வட்டாரம் சான்று. முன்னர் அங்குப் பெற்றோரும் ஆசிரியரும் பரிந்துரைத்த சிறாரே சோதிக்கப்பட்டனர். 2005-இல் இரண்டாம் வகுப்புச் சிறார் எல்லாரையும், சொற்களின்றிப் படங்களால் அமைந்த சோதனைக்கு உட்படுத்தினர். மீத்திறத் திட்டத்திற் சேர்ந்த ஏழைச் சிறார், கறுப்பினச் சிறார் முதலியோர் தொகை பெரிதும் உயர்ந்தது. பின்னர்ப் பணமுடையால் அதனை நிறுத்தியபோது தொகை மீண்டும் வீழ்ந்தது. டேவிட் கார்டு, லாரா ஜுலியானோ என்னும் பொருளாதார நூலார் இதனை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டனர். அச்சிறார் முன்னரும் அங்கேதான் இருந்தனர், பார்ப்பவர்தாம் இலர்.

சிலர், ‘மீத்திறச் சிறார்க்குத் தனிக் கவனிப்பு சமத்துவத்துக்கு மாறன்றோ?’ என வினவுவர். வினா மதிக்கத்தக்கதே. பரீட்சை வைத்துச் சிலரைப் பிரித்து, மற்றையோர்க்குத் ‘தகுதியிலார்’ எனப் பெயரிடுமாயின் அது மாறே. ஆயினும் பள்ளி ஒன்றும் செய்யாதிருந்தால் சமத்துவம் வந்துவிடுமோ? செல்வர் மக்கள் அபாகஸ் வகுப்பும், ஒலிம்பியாட் பயிற்சியும், வீட்டு நூல்நிலையமும் பெற்று மேற்படிகளை விலைக்கு வாங்கிக்கொள்கின்றனர். பள்ளியை அன்றி வேறு படி இல்லாதவர் ஏழைச் சிறாரே. ஆதலின் பொதுப்பள்ளியில் மேற்படி இல்லாமை ஏழைக்கே இழப்பாகும்.

ஆகவே எம் போன்ற ஊர்களுக்கு ஏற்றன இவையென யாம் கருதுகின்றோம். இரண்டாம், மூன்றாம் வகுப்புகளில் எல்லாச் சிறாரையும், படமும் எண்ணும் கொண்டு, இயன்றவரை அவரவர் மொழியிலே கண்டறிதல் வேண்டும். அதனை ஒருமுறையோடு நிறுத்தாது ஆண்டுதோறும் செய்தல் வேண்டும். ஆறு வயதில் உறங்கும் ஆற்றல் ஒன்பதில் விழித்தலும் உண்டு. கண்டதைப் பட்டியலிட்டு ஒட்டாமல், பாடந்தோறும் மலர்க்கு மேற்பட்ட வினாக்களை ஓர் அலமாரியில் வைத்து, விரும்பிய பிள்ளை எவரும் எடுக்க விடுதல் வேண்டும். எவர் எடுக்கின்றார், எவர் மீண்டும் வருகின்றார் என்பதே தலைசிறந்த சோதனை. குடும்பம் ஊர் மாறுங்கால், இப்பிள்ளை எதில் ஆர்வமுடையது என்னும் குறிப்பும் மாற்றுச் சான்றிதழோடு செல்லுதல் வேண்டும். இல்லையேல் அடுத்த ஊர்ப் பள்ளியில் அப்பிள்ளை மீண்டும் முதலினின்றே தொடங்கும்.

நம் கல்லூரியினின்று ஆண்டுதோறும் பலர் ஆசிரியராய்ச் செல்கின்றனர். முன்னரே சென்று பணிபுரியும் பழைய மாணாக்கரும் பலர். இம்மலர் அவர்கள் கைக்கும் எட்டும். பெருந்திட்டங்கள் அரசினர் வகுக்க வேண்டியன. ஆயினும் விடைத்தாளை முதலில் நீட்டும் பிள்ளையிடம் ‘சும்மா இரு’ என்னாமல், விடைநூலில் இல்லாத ஒரு வினாவைக் கேட்டல் நாளைக் காலையே இயலும். தமிழறியாப் பிள்ளையின் கணக்கேட்டை ஒருமுறை தனியே புரட்டிப் பார்த்தலும் இயலும். அவ்வளவு செய்யப்படுமாயின், பனியன் கம்பெனியின் கைமடி வேலைக்குப் போயிருக்க வேண்டிய ஒரு பிள்ளையேனும் தன் ஆற்றலை அறிந்து வளரும். அஃது அப்பிள்ளைக்கு மட்டுமன்றி நாட்டுக்கும் ஊதியமாம்.